கர்ப்ப காலத்தில் கொரோனா: தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவுமா?

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா பெருந்தொற்றைத் தடுக்கப் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன, ஆலைகள் நிறுத்தப்பட்டன, அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பிரசவங்களைத் தள்ளிவைக்க இயலாது. நோய்த்தொற்று நிலவிய அதே மருத்துவமனைகளில், அதே செவிலியரின் துணையோடு, அக்குழந்தைகள் பிறந்தாக வேண்டியிருந்தது.

அந்நாளில் மருத்துவர்களும் நிர்வாகிகளும் குடும்பத்தாரும் ஒருசேர எழுப்பிய வினா ஒன்று உண்டு. தாய்க்குத் தொற்று இருந்தால் அது சேய்க்கும் செல்லுமா? சிசேரியன் அவசியமா, பிறந்தவுடன் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டுமா, தாய்ப்பால் கொடுக்கலாமா என்னும் முடிவுகள் யாவும் இவ்வினாவின் விடையையே சார்ந்திருந்தன. ஆனால் விடை கிடைக்கும் முன்பே முடிவுகளை எடுக்க வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசர நிலை முடிவுற்றதாக அறிவித்தது. மூன்றாண்டுக் காலத்தில் திரண்ட ஆய்வுகள் இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடையை அளித்துள்ளன. அவ்விடையையும், அதிலிருந்து பொதுச் சுகாதார நிர்வாகம் பெறத்தக்க படிப்பினைகளையும் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரவும் வழிகள் மூன்று

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று மூன்று கட்டங்களில் பரவக்கூடும். முதலாவது, கருப்பையில் இருக்கும்போது நஞ்சுக்கொடியின் வழியாகப் பரவுதல். இரண்டாவது, பிரசவ வேளையில் பரவுதல். மூன்றாவது, பிறந்த பின்னர் தாயின் மூச்சு, இருமல், கைகள் ஆகியவற்றின் மூலம் பரவுதல். மூன்றாவது வழியில் தாய் மட்டுமின்றி, உறவினரோ மருத்துவமனைப் பணியாளரோகூடத் தொற்றுக்குக் காரணமாகலாம்.

இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவது எளிதன்று. பிறந்து மூன்று நாள் கழித்து ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் காணப்பட்டால், அது கருப்பையில் வந்ததா, படுக்கையருகே வந்ததா என்று அந்த ஒரு பரிசோதனையை மட்டும் கொண்டு கூற இயலாது. எனவே 2021 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இதற்கெனத் திட்டவட்டமான வரையறைகளை வெளியிட்டது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஒரு பரிசோதனையும், அதன் பின்னர் மற்றொரு பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், குழந்தையின் இரத்தம் போன்றவற்றில் கிடைக்கும் சான்றுகளும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். இவற்றின் அடிப்படையில் ஒவ்வொரு நிகழ்வும் 'உறுதி செய்யப்பட்டது', 'இருக்கக்கூடியது', 'இருக்க வாய்ப்பில்லாதது', 'தீர்மானிக்க இயலாதது' என வகைப்படுத்தப்படுகிறது.

சான்றுகள் திரண்ட வரலாறு

முதல் அறிக்கை சீனாவின் ஊகான் நகரிலிருந்து வந்தது. 2020 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் வெளியான அவ்வறிக்கை, தொற்றுற்ற ஒன்பது கர்ப்பிணிகளைப் பற்றியது. ஒன்பதும் சிசேரியன் பிரசவங்கள். அவர்களில் ஆறு பேரின் பனிக்குடநீர், தொப்புள்கொடி இரத்தம், தாய்ப்பால் ஆகியவையும், பிறந்த குழந்தைகளின் தொண்டை மாதிரிகளும் பரிசோதிக்கப்பட்டன. எதிலும் வைரஸ் காணப்படவில்லை. இது ஆறுதலளித்த செய்தியே. எனினும் ஆறு பேரைக் கொண்டு உலகுக்கான முடிவைச் சொல்லிவிட முடியாது.

அடுத்து எதிர்த்திசையில் சான்றுகள் வரலாயின. பாரிஸ் நகரையடுத்த ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே தொற்று பரவியது என்பதை 2020 ஜூலையில் வெளியான பிரெஞ்சு ஆய்வு விரிவான பரிசோதனைகளால் நிலைநாட்டியது. அதே மாதம் புனேயிலுள்ள சசூன் பொது மருத்துவமனை மருத்துவர்கள் நம் நாட்டில் இத்தகைய பரவலின் முதல் நிகழ்வை அறிவித்தனர். ஆகவே, கருப்பையிலேயே பரவுதல் இயலும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. எத்தனை பேருக்கு நிகழ்கிறது என்பதே எஞ்சிய வினா.

இதற்கு விரிவான விடையளித்தது 2022ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மருத்துவ இதழ்' வெளியிட்ட தொகுப்பாய்வாகும். தொற்றுற்ற தாய்மாருக்குப் பிறந்த 14,271 குழந்தைகளைப் பற்றிய விவரங்கள் இதில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அவர்களில் 1.8 சதவீதத்தினருக்கே தொற்று காணப்பட்டது. தொற்று கண்ட குழந்தைகளில், பரிசோதனை நேரம் குறித்த போதிய விவரம் கிடைத்த 592 பேரை ஆராய்ந்தபோது, தாயிடமிருந்தே பரவியது என உறுதி செய்யப்பட்டவை 14 மட்டுமே. அவற்றுள் ஏழு கருப்பையில் நிகழ்ந்தவை. இரண்டு பிரசவ வேளையில். ஐந்து பிறந்த பின்னர்.

பிற நோய்களுடன் ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். சிகிச்சை ஏதுமின்றி விட்டால் எச்.ஐ.வி. கிருமி 15 முதல் 45 சதவீதம் வரையிலான குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து செல்கிறது. தாயின் இரத்தத்தில் வைரஸ் பெருமளவில் இருப்பின், தடுப்பூசி போடப்படாத நிலையில் ஹெபடைடிஸ்-பி சுமார் 90 சதவீதக் குழந்தைகளைத் தொற்றக்கூடும். கொரோனா அவ்வகையைச் சேர்ந்ததன்று.

புள்ளிவிவரங்கள் ஏன் வேறுபடுகின்றன?

மாணவர்கள் இங்கு ஒரு முரண்பாட்டைக் காணக்கூடும். 18 நாடுகளைச் சேர்ந்த 43 மருத்துவ நிலையங்களில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 416 குழந்தைகளில் 54 பேருக்கு, அதாவது 13 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. நம் நாட்டில் தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் நடத்திய பதிவேட்டில், பங்கேற்ற மருத்துவமனைகளிலேயே பிறந்த 1,330 குழந்தைகளில் 106 பேருக்கு, அதாவது சுமார் 8 சதவீதத்தினருக்குத் தாய்வழித் தொற்று இருக்கக்கூடும் எனக் கருதப்பட்டது. உலகத் தொகுப்பாய்வோ 1.8 சதவீதம் என்கிறது. எது சரி?

மூன்றும் அவ்வவற்றின் வரையறைக்குள் சரியே. எந்தெந்தக் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர், பிறந்து எத்தனை மணி நேரத்தில் பரிசோதிக்கப்பட்டனர், தாய்மாரின் நோய் எவ்வளவு கடுமையானது, வார்டில் நெரிசல் எத்தகையது என்பனவற்றைப் பொறுத்து விகிதம் மாறுகிறது. மேற்கூறிய தொகுப்பாய்வுக்குள்ளேயே வட அமெரிக்க ஆய்வுகளில் 0.1 சதவீதமாக இருந்த விகிதம், லத்தீன் அமெரிக்க, கரிபியன் பகுதி ஆய்வுகளில் 5.7 சதவீதமாக இருந்தது. தொற்று கண்டது என்பது ஒன்று. அது கருப்பையில் பரவியது என்பது வேறொன்று. ஒரு சதவீதத்தைக் கையாளும் அதிகாரி, அதன் பகுதி எது, முழுமை எது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

நஞ்சுக்கொடி என்னும் அரண்

இவ்வைரஸ் சேய்க்கு அரிதாகவே செல்வதற்குக் காரணங்கள் உள்ளன. முதலாவதாக, இது பெரும்பாலும் மூச்சுப் பாதையைத் தாக்கும் கிருமி. தாயின் இரத்தத்தில் இது பேரளவில் கலப்பது அரிது. இரத்தத்தில் இல்லாத கிருமி நஞ்சுக்கொடியை அடைய வழியில்லை. இரண்டாவதாக, இவ்வைரஸ் உயிரணுவினுள் எளிதில் நுழைவதற்கு 'ஏ.சி.இ.2' என்னும் புரதமும் அதற்குத் துணையான மற்றொரு நொதியும் ஒரே உயிரணுவில் அமைந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடியில் இவ்விரண்டும் சேர்ந்து அமைந்த உயிரணுக்கள் மிகச் சிலவே.

ஆனால் அரண் காப்பதனாலேயே ஆபத்து இல்லை எனக் கொள்ளலாகாது. சில நேர்வுகளில் அரணே சிதைந்துவிடுகிறது. நஞ்சுக்கொடியில் நார்ப்பொருள் பெருமளவில் படிந்து, திசுக்கள் மடிந்து, சேய்க்குச் செல்லும் பிராணவாயு தடைப்படும் நிலையை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 12 நாடுகளில் நிகழ்ந்த 64 சாப்பிறப்புகளையும் 4 பச்சிளங்குழந்தை மரணங்களையும் ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வின்படி, அந்த நஞ்சுக்கொடிகளில் சராசரியாக 77.7 சதவீதத் திசு அழிந்திருந்தது. அத்தாய்மாரில் எவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் அல்லர். இக்குழந்தைகளுள் பெரும்பாலானவற்றின் இறப்புக்குக் காரணம், வைரஸ் அவற்றின் உடலுள் புகுந்தமையைவிட, அவற்றைக் காத்து வந்த நஞ்சுக்கொடி செயலிழந்தமையே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நிகழ்ந்த சுமார் 12½ லட்சம் பிரசவங்களின் பதிவுகளும் இதற்கு அரண் சேர்க்கின்றன. தொற்றுற்ற தாய்மாரிடம் சாப்பிறப்பு 1.26 சதவீதம், ஏனையோரிடம் 0.64 சதவீதம். 'டெல்டா' வகை வைரஸ் மேலோங்கிய காலத்தில் இந்த இடர்ப்பாடு ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது.

தாயின் நோயே சேயின் இடர்

மேற்கூறிய தொகுப்பாய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. தாய்க்கு நோய் கடுமையாக இருந்தபோதும், அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டபோதும் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுந்தது. இயல்பான பிரசவத்துக்கும், தாய்ப்பால் ஊட்டுவதற்கும் அவ்வாறான தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, குழந்தையைக் காக்கும் முதல் வழி தாயின் நோய் முற்றாமல் காப்பதே.

18 நாடுகள் ஆய்வில் தொற்றுற்ற கர்ப்பிணிகளிடம் குறைப்பிரசவம் ஏறத்தாழ 60 சதவீதம் மிகுதியாக இருந்தது. தொற்றுற்ற 706 பெண்களில் 11 பேரும், தொற்றில்லாத 1,424 பெண்களில் ஒருவரும் உயிரிழந்தனர். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மகாராஷ்டிரத்தில் நடத்திய 'பிரெக்கோவிட்' பதிவேட்டைக் கொண்டு முதல் அலையும் இரண்டாம் அலையும் ஒப்பிடப்பட்டன. நோய்க்குறிகள் தென்பட்டவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். தொற்றுற்றோரில் இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். எட்டு மடங்கு உயர்வு இது. தாயை இழந்த பச்சிளங்குழந்தையின் எதிர்காலம் எத்தகைய இடருக்கு உள்ளாகிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பிரிப்பதா, சேர்த்து வைப்பதா?

பெருந்தொற்றின் தொடக்கத்தில் அச்சமே பல முடிவுகளை வழிநடத்தியது. சீனாவில் தொற்றுற்ற தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துவைக்கும் முறை பின்பற்றப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2020 ஏப்ரலில் தற்காலிகப் பிரிவைப் பரிந்துரைத்து, ஜூலையில் அதனை மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமோ, முகக்கவசம் அணிந்து, கைகளைத் தூய்மை செய்துகொண்டு, தாய் தம் குழந்தையை உடன் வைத்துப் பாலூட்டலாம் என்று தொடக்கம் முதலே கூறி வந்தது.

2020 ஆகஸ்டில் வெளியான ஓர் ஆய்வில் தொற்றுற்ற 18 பெண்களிடமிருந்து பெறப்பட்ட 64 தாய்ப்பால் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. ஒன்றில் மட்டும் வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டது. பெருகவல்ல வைரஸ் எதிலும் இல்லை.

இவ்விடத்தில் பொருளியலார் கையாளும் நன்மை-இழப்புக் கணக்கு பயன்தரும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துவைத்துப் பேணும் 'கங்காரு முறை' உயிர்காக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையையும் உள்ளடக்கி ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது 28 நாட்களுக்குள் நிகழும் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவன வல்லுநர்களும் பிறரும் அதே ஆண்டு ஒரு மதிப்பீடு செய்தனர். கங்காரு முறை அனைவருக்கும் கிட்டினால் 1,25,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கும். தாயுடன் இருப்பதால் கொரோனாவுக்குப் பலியாகக்கூடியவை 2,000க்கும் குறைவு. அறுபது மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு, கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைத் தவிர்க்கும் முயற்சியில் கண்ணுக்குத் தெரியாத பேரிழப்பைத் தேடிக்கொள்ளலாகாது என்பதை உணர்த்துகிறது.

பேறுகால சேவைகளின் தொடர்ச்சி

2005இல் ஜனனி சுரக்ஷா திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் நம் நாடு இத்துறையில் பெற்ற முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவங்கள் 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்தன, 2015-16இல் 78.9 சதவீதமாகவும், 2019-21இல் 88.6 சதவீதமாகவும் உயர்ந்தன. ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 2004-06இல் 254ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20இல் 97ஆகக் குறைந்தது. தொற்று அச்சத்தால் கர்ப்பிணிகள் மருத்துவமனையைத் தவிர்த்தாலோ, பரிசோதனைச் சான்று இல்லை என்று மருத்துவமனை அவர்களைத் திருப்பி அனுப்பினாலோ, இவ்வளவு காலம் பாடுபட்டுப் பெற்ற பயன் கைநழுவும்.

இதனை உணர்ந்தே மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம் 2020 ஏப்ரல் 14 அன்று, இன்றியமையாத சுகாதார சேவைகள் தடையின்றித் தொடர்வதற்கான வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது. பரிசோதனை நடைபெறவில்லை என்பதற்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசர சிகிச்சையையும் தாமதிக்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதத்தில் அறிவுறுத்தியது. ஆணைகள் தெளிவானவையே. அவை தலைநகரிலிருந்து வட்டார மருத்துவமனையின் வாயில்வரை சென்று சேர்வதில்தான் நிர்வாகத்தின் திறன் அடங்கியிருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு ஆணையின் பொருளை நடைமுறையாக்குபவர் அங்குப் பணியிலிருக்கும் செவிலியரே.

தடுப்பூசி: காலம் தாழ்ந்த பாதுகாப்பு

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதில் சேர்க்கப்படவில்லை. தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் இடம்பெறாததால் அவர்களைப் பற்றிய விவரங்கள் அப்போது இல்லை என்பதே காரணம். மே 19 அன்று பாலூட்டும் தாய்மாருக்கும், ஜூலை 2 அன்று கர்ப்பிணிகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலேயே இரண்டாம் அலை உச்சத்தை எட்டியது. கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட அக்காலத்தில் அவர்களுக்குத் தடுப்பூசியின் பாதுகாப்பு கிட்டவில்லை.

எச்சரிக்கை காட்டியதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எச்சரிக்கைக்கும் விலை உண்டு என்பதை இந்நிகழ்வு கற்பிக்கிறது. கர்ப்பிணிகளைச் சோதனைகளிலிருந்து விலக்குவதால் இடர் நீங்குவதில்லை. விவரமின்றி முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு அது மருத்துவரையும் தாயையும் தள்ளுகிறது. தாய் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியின் பயன் சேய்க்கும் கிட்டுகிறது என்பது பின்னர் தெரிய வந்தது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைகிறது. கர்ப்ப காலத்தில் எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசி இரு தவணை பெற்ற தாய்மாரின் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம், கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்ததென 2022 பிப்ரவரியில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வைரஸைத் தடுக்கும் நஞ்சுக்கொடியே பாதுகாப்பை அனுமதிக்கிறது.

பெறத்தக்க படிப்பினைகள்

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகிகள் பின்வரும் முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, புதியதொரு தொற்று தோன்றும்போது கர்ப்பிணிகளைப் பற்றிய பதிவேட்டைத் தொடக்க நாளிலேயே ஏற்படுத்த வேண்டும். 'பிரெக்கோவிட்' பதிவேடு இதற்கு நல்ல முன்மாதிரி.

இரண்டாவதாக, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் சோதனைகளில் தகுந்த பாதுகாப்புடன் கர்ப்பிணிகளையும் உரிய கட்டத்தில் சேர்த்துக்கொள்ள வழிவகை காண வேண்டும்.

மூன்றாவதாக, நெருக்கடிக் காலத்திலும் கர்ப்ப காலப் பரிசோதனை, பிரசவ அறை, இரத்த வங்கி, பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு ஆகியவற்றின் பணியாளரையும் கட்டடத்தையும் வேறு பணிக்கு மாற்றலாகாது.

நான்காவதாக, தாயும் சேயும் சேர்ந்திருப்பதே பொது விதியாகவும், பிரிப்பது விதிவிலக்காகவும் அமைய வேண்டும். தாய்க்கோ சேய்க்கோ உடல்நிலை இடந்தராதபோது மட்டுமே பிரிவு தேவை. அப்போதும் கறந்த தாய்ப்பால் குழந்தைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி, நம் நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதமே. ஏற்கெனவே குறைவாக உள்ள இவ்வளவை வீண் அச்சத்தால் மேலும் குறைத்துவிடக் கூடாது.

ஐந்தாவதாக, ஆஷா பணியாளரும் அங்கன்வாடி ஊழியரும் குடும்பத்தாருக்கு விளக்கக்கூடிய எளிய சொற்களில் வழிகாட்டுதல்கள் அமைய வேண்டும்.

தாயிடமிருந்து சேய்க்குக் கொரோனா பரவுமா என்ற வினாவுக்கு, பரவக்கூடும், ஆயினும் அரிதாகவே பரவுகிறது என்பதே விடை. சேய்க்கு நேர்ந்த தீங்குகளில் பெரும்பாலானவை தாயின் கடுமையான நோய், நஞ்சுக்கொடியின் சிதைவு, குறைப்பிரசவம், தடைப்பட்ட சேவை ஆகிய வழிகளில் வந்தவை. இவை நான்கிலும் காப்பு தாயிடமிருந்தே தொடங்குகிறது. அடுத்த பெருந்தொற்று எவ்வடிவில் வரினும், தாயின் நலத்தை முதற்கண் பேணும் திட்டமே சேயின் உயிரையும் காக்கும்.